வாட்ச்மேனுக்குத் தெரியாத அறை

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றேகால் மணிக்கு, முழங்கை வரை மாவு ஒட்டியபடி ஸ்விலேனா என்ற பேக்கரிக்காரப் பெண் எங்கள் நகராட்சியின் கல்விப் பிரிவுக்கு வந்து நின்றாள். அவளுக்கு வேண்டியது சீல் வைத்த ஒரு காகிதம், அவ்வளவுதான். அதை அவள் கேட்காமல் போயிருந்தால் அன்று மாலை ஐந்து மணிக்கு எண்பத்தைந்து பிள்ளைகளின் மழலைப்பள்ளி இடம் கைநழுவிப் போயிருக்கும். ஏன் போனது என்று யாருக்கும் தெரிந்திருக்கவும் செய்யாது.

கவுன்டரில் இருந்தவள் நெவேனா. இருபத்தாறு வருடமாக அந்த வட்டச் சீல் அவள் கையில்தான் இருக்கிறது. பிள்ளைக்கு இடம் கிடைத்து, போனில் 'உறுதி செய்' பொத்தானையும் அழுத்தியாகிவிட்டது என்றால் காகிதம் எதற்கு, இப்போதெல்லாம் எல்லாமே கம்ப்யூட்டரில்தான் என்று நெவேனா பொறுமையாக எடுத்துச் சொன்னாள். ஸ்விலேனா நகர்வதாக இல்லை. அவளுடைய புருஷன் ஜெர்மனியில் கட்டட வேலையில் இருக்கிறான். இவள் விடியற்காலை பேக்கரியில் பாலாடைக்கட்டி வைத்த பானிட்சா சுட்டுவிட்டு, பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நின்றுகொண்டே தூங்குகிறவள். அவளிடம் போய் கம்ப்யூட்டர் பெருமை பேசினால் எடுபடுமா?

"கம்ப்யூட்டர் எனக்கு நன்றின்னு சொல்லிச்சுக்கா. அந்த நன்றியைக் கொண்டுபோய்க் காட்டினா என் பொண்ணை உள்ள விடுவாங்களா? சீல் போட்டுக் குடுங்க, நான் பாட்டுக்குப் போறேன்" என்றாள்.

நெவேனா அலுத்துக்கொண்டே அந்தப் பிள்ளையின் பதிவைத் திறந்தாள். 'இடம் ஒதுக்கப்பட்டது. உறுதி செய்யப்படவில்லை' என்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அதேதான் இருந்தது. அடித்தள அறைக்குப் போன் போட்டாள்.

அடித்தள அறையில் இருப்பவள் பிஸ்த்ரா. வயது முப்பத்தெட்டு. பன்னிரண்டு வருடமாக நகராட்சியின் கம்ப்யூட்டர் என்று எதைச் சொன்னாலும் அது அவள் தலையில்தான் விழும். பிரின்டரில் காகிதம் சிக்கினாலும் அவள்தான், மேயர் தன் பாஸ்வேர்டை மறந்தாலும் அவள்தான். எல்லாம் ஓடும்போது அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. நின்றுபோனால் மட்டும் ஊரே அவள் பேரைச் சொல்லும். அதைப் பற்றி அவளுக்குப் புகார் எதுவும் இல்லை. ஜன்னலே இல்லாத அந்த அறை அவளுக்குப் பிடித்திருந்தது. தன் வேலை சுத்தமாக இருக்கும் என்று ஒரு கர்வமும் உண்டு, அதை அவள் மறைத்துக்கொண்டதும் கிடையாது.

அவள் மாடிக்கு வந்து ஸ்விலேனாவின் போனையே வாங்கினாள். அலுவலக வைஃபையை அணைத்துவிட்டு, வெளியுலகம் எப்படி வருமோ அப்படி உள்ளே வந்து, 'உறுதி செய்' என்பதை அழுத்தினாள். பக்கம் மாறியது. ரோஜாப் பூக்களோடு நகராட்சியின் முகப்புப் பக்கம் வந்தது. 'எங்கள் மின்சேவையைப் பயன்படுத்தியதற்கு நன்றி' என்று மேலே பட்டையாக ஓடியது. பதிவில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

எங்கே பிசகியது என்று அவளுக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. நகராட்சிக்கு இணையத்தில் ஒரே முகவரிதான். அந்த முகவரிக்கு வருகிற எல்லாரையும் வாசலில் ஒரு சர்வர் வாங்கி, முகவரியின் வாலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, உள்ளே அந்தந்த அறைக்கு அனுப்பும். ரிவர்ஸ் ப்ராக்ஸி என்று அதற்குப் பெயர். அலுவலகத்தில் எல்லாரும் வாட்ச்மேன் என்பார்கள். சாய்கோடு போட்டு 'வரி' என்று வந்தால் வரிப் பிரிவுக்கு அனுப்பும், 'குழந்தைகள்' என்று வந்தால் மழலைப்பள்ளிச் சேர்க்கைக்கு அனுப்பும். அனுப்பும்போது 'குழந்தைகள்' என்ற சொல்லைக் கழற்றிவிட்டு மிச்சத்தைத்தான் உள்ளே கொடுக்கும். இந்தச் சேர்க்கை மென்பொருள் முன்பு தனி முகவரியில், தனி வீட்டில் குடியிருந்தது. எல்லாம் ஒரே வாசலுக்குள் வரவேண்டும் என்று மேயர் ஆசைப்பட்டதால், அதை இந்தத் திங்கட்கிழமை காலை வாட்ச்மேனுக்குப் பின்னால் குடியேற்றியவள் பிஸ்த்ராதான்.

குடிபெயர்ந்த விஷயம் அந்த மென்பொருளுக்குத் தெரியாது. வீடு முழுக்கத் தனக்கே சொந்தம் என்றுதான் அது இன்னும் நினைத்துக்கொண்டிருந்தது. மற்றப் பக்கங்களில் எல்லாம் 'இங்கிருந்து அடுத்த அறை' என்கிற மாதிரி வழி எழுதியிருந்ததால் தப்பித்தன. 'உறுதி செய்' பொத்தானில் மட்டும் எவனோ தெருவாசலிலிருந்து முழு வழியையும் எழுதிவைத்திருந்தான். பெற்றோர் அழுத்தியதும், 'குழந்தைகள்' என்ற சொல் இல்லாமல், வெறும் 'உறுதி' என்றும் பிள்ளையின் எண்ணும் மட்டும் வாசலுக்கு வந்து நின்றன. உறுதி என்று ஓர் அறை இருப்பதே வாட்ச்மேனுக்குத் தெரியாது.

வேறு ஊராக இருந்தால் 'அப்படி ஒரு பக்கம் இல்லை' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருக்கும். பெற்றோரும் திங்கட்கிழமை மத்தியானமே கத்தியிருப்பார்கள். எங்கள் ஊரில் அதற்கும் வழியில்லை. இரண்டு வருடத்துக்கு முன் மேயரம்மாவின் தங்கை ஏதோ தப்பான இணைப்பை அழுத்தி, அந்த 'இல்லை' பக்கத்தைப் பார்த்து மனம் புண்பட்டுப் போனாராம். குடிமக்கள் முகத்தில் கதவைச் சாத்தக்கூடாது என்று உத்தரவே வந்தது. அன்றிலிருந்து, வழி தெரியாமல் யார் வந்தாலும் வாட்ச்மேன் சிரித்த முகமாக முகப்புப் பக்கத்துக்கு அழைத்துப் போய் நன்றி சொல்லி அனுப்பிவிடும். அந்த விதியை எழுதியவளும் பிஸ்த்ராதான். அதற்காக அவளுக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

ஐந்து நாளாக இது யார் கண்ணிலும் படாமல் போனது எப்படி? நெவேனாவும் பள்ளித் தலைமையாசிரியைகளும் உள் முகவரியில் நேராக மென்பொருளுக்குள் போகிறவர்கள். அவர்கள் வாட்ச்மேனைப் பார்ப்பதே இல்லை. திங்கட்கிழமை பிஸ்த்ரா சோதித்துப் பார்த்ததும் அந்த உள் முகவரியில்தான். எல்லாம் ஒழுங்காக ஓடியது, கையெழுத்துப் போட்டுவிட்டாள். கவுன்டரில் தினமும் இருபது முப்பது பேர் நேரில் வந்து உறுதி செய்துகொண்டிருந்தார்கள். ஆன்லைன் கணக்கு மட்டும் பூஜ்யம். வியாழக்கிழமை அந்தப் பூஜ்யத்தைப் பார்த்த கல்விப் பிரிவுத் தலைவர் கூர்த்தேவ், நம்ம ஜனங்களுக்குச் சீல் விழுகிற சத்தம் காதில் கேட்டால்தான் தூக்கம் வரும் என்று கிண்டலடித்தார். எல்லாரும் சிரித்தார்கள், பிஸ்த்ராவும் சேர்ந்து சிரித்தாள்.

அவள் சிரித்ததில் வேறொன்றும் இருந்தது. அவளுடைய மகன் போயானுக்கு மூன்று வயது. இந்தச் சுற்றில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. அவர்கள் தெருவில் இருக்கும் காலிங்கா மழலைப்பள்ளியின் காத்திருப்போர் பட்டியலில் அவன்தான் முதல் ஆள். பையனைப் பகலில் பார்த்துக்கொள்ளும் மாமியார் ஸ்டோய்னா, செப்டம்பரில் இத்தாலிக்கு ஒரு கிழவரைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறாள். பஸ் டிக்கெட்கூட எடுத்தாகிவிட்டது. இடம் கிடைக்காவிட்டால் பிஸ்த்ரா சம்பளமில்லா விடுப்பில் வீட்டில் உட்கார வேண்டும். அடித்தள அறைக்கு வேறு யாராவது வருவார்கள், வந்தவர்கள் போகமாட்டார்கள். அதனால் அந்த வாரம் முழுக்கத் தினம் இரண்டு முறை காலிங்கா பட்டியலைத் திறந்து பார்த்தாள். உறுதி செய்யாதவர்கள் மூன்று பேர். அதில் ஒருவராவது வேண்டாம் என்று விட்டுவிடட்டும் என்று வெட்கமில்லாமல் வேண்டிக்கொண்டாள். பூஜ்யத்தைப் பார்த்து முதலில் சந்தேகப்பட வேண்டியவள் அவள்தான். சந்தேகப்பட அவளுக்கு மனம் வரவில்லை, அதுதான் நிஜம்.

மாலை ஐந்து மணிக்கு மென்பொருள் தானாகவே உறுதி செய்யாத இடங்களைப் பிடுங்கி, அடுத்த பிள்ளைகளுக்குக் கொடுத்துச் செய்தி அனுப்பிவிடும். அதன்பின் ஒரே இடத்துக்கு இரண்டு குடும்பங்கள் உரிமை கொண்டாடும். மணி ஒன்று நாற்பது. பிஸ்த்ரா கூர்த்தேவின் அறைக்குப் போனாள். கதவுக்கு வெளியே ஒரு நிமிடம் நின்றாள். வாய் திறக்காமல் கீழே போய்ப் பொத்தானை மட்டும் சரிசெய்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு யோசனை வந்தது. வந்த வேகத்திலேயே அது அவளைப் பயமுறுத்தியது. தட்டாமலே உள்ளே போய்விட்டாள்.

"சார், ஆன்லைன்ல யாரும் உறுதி பண்ணலைன்னு சிரிச்சோமே, அது பொய். பண்ணியிருக்காங்க. நாமதான் வாங்கிக்கலை."

"நாமன்னா யாரும்மா?"

"நான்தான் சார். வெளியிலேருந்து ஒரு தடவை அழுத்திப் பார்த்திருக்கணும். பார்க்கலை."

கூர்த்தேவ் கெட்டவர் இல்லை, பயந்தவர். ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி. இணையம் பழுது என்று பொதுவாகச் சொல்லிவிடலாமா என்று மெல்லக் கேட்டார். அவரே வேண்டாம் என்று தலையை உதறிக்கொண்டு, மென்பொருள் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டார். ஐந்து மணி என்பதைத் தள்ளிப்போட மேயர் கையெழுத்திட்ட கடிதமும் இரண்டு வேலைநாளும் வேண்டும் என்று அங்கிருந்த ஆள் நிதானமாகச் சொன்னான். அவன் எதையோ மென்றுகொண்டே பேசினான்.

முதல் காரியமாகப் பிஸ்த்ரா கீழே போய்ப் பொத்தானைச் சரிசெய்தாள். 'நீ குடியிருக்கும் இடம் இது' என்று மென்பொருளுக்குச் சொல்ல அமைப்பில் ஒரு வரி உண்டு. திங்கட்கிழமை அதை அவள் வெறுமையாக விட்டிருந்தாள். இப்போது நிரப்பினால் வெளியே சரியாகும், ஆனால் உள் முகவரியில் வேலை செய்யும் நெவேனாவின் கவுன்டர் நின்றுவிடும். அதனால் வாட்ச்மேனிடமே சொல்லிவைத்தாள்: 'உறுதி' என்று யார் வந்தாலும் குழந்தைகள் அறைக்குக் கூட்டிப்போ, திருப்பி வேறு முகவரிக்கு அனுப்பாதே, அனுப்பினால் கையில் கொண்டுவந்தது வழியிலேயே விழுந்துவிடும். இரண்டு வரி விதி அது. இந்தமுறை தன் சொந்தப் போனில், வெளியிலிருந்து, மூன்று தடவை சோதித்தாள். ஸ்விலேனாவின் பெண்ணுக்கு உறுதி விழுந்தது. நெவேனா சீல் குத்திக் கொடுத்த காகிதத்தை ஸ்விலேனா மடித்து உள்ளாடைக்குள் செருகிக்கொண்டு போனாள்.

ஆனால் ஏற்கெனவே அழுத்திவிட்டு நிம்மதியாக வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் மறுபடி ஏன் வரப்போகிறார்கள்? அவர்களைக் கண்டுபிடிக்க ஒரே சாட்சி வாட்ச்மேனின் வருகைப் பதிவேடு. யார் எந்த நேரம் எந்த வழி கேட்டு வந்தார்கள் என்று அது ஒன்று விடாமல் குறித்துவைக்கும். பிஸ்த்ரா அதில் தேடினாள். உறுதி கேட்டு வந்து திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை எண்கள் நாற்பத்தேழு கிடைத்தன. புதன், வியாழன், வெள்ளி வரைக்கும்தான். டிஸ்க்கில் இடம் போதாது என்று பதிவேட்டை மூன்று நாளுக்கு மேல் வைக்காதபடி அவளே விதி போட்டிருந்தாள். திங்களும் செவ்வாயும் அழிந்துபோயிருந்தன.

கூர்த்தேவ் அந்த நாற்பத்தேழு பேரின் பதிவை அச்செடுக்கச் சொல்லி, ஒவ்வொரு தாளிலும் கையெழுத்திட்டு, நெவேனாவை உறுதி செய்யச் சொன்னார். உறுதி விழாமல் மிச்சமிருந்த முப்பத்தெட்டுப் பேருக்கும் போன் செய்ய முடிவானது. நெவேனாவும் வரிப் பிரிவிலிருந்து கடன் வாங்கிய இரண்டு பெண்களும் போனும் கையுமாக உட்கார்ந்தார்கள். மூன்று மணிக்குள் பதினொரு பேர். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர் நகராட்சியின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். வேண்டாம், நாங்கள் வியன்னாவுக்குப் போகிறோம் என்று ஒரு தாய் அழுதாள்.

மூன்று மணி சுமாருக்குப் பிஸ்த்ராவுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. முகப்புப் பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று மேயர் அலுவலகம் கணக்குக் கேட்டதற்காக, புதன்கிழமை காலையில் முந்தின நாள் பதிவேட்டை அவள் தன் லேப்டாப்பில் நகல் எடுத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை முழுசாக அதில் இருக்கும். உடனே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எல்லாரையும்தான் போனில் பிடிக்கிறோமே, அது எதற்கு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். காலிங்காவின் மூன்று பேரில் இரண்டு பேர் அந்த நாற்பத்தேழுக்குள் வந்துவிட்டார்கள். பாக்கி ஒருவர்.

நாலரைக்கு முப்பத்தேழு பேர் முடிந்தார்கள். இருபத்தொன்பது பேர் ஆம் என்றார்கள், எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள். அந்த எட்டில் காலிங்கா ஒன்றுகூட இல்லை. மிச்சம் ஒரே எண், ஸ்பாஸ் என்ற ஒருவரின் மகள். தாய் பேர் எழுதும் இடம் காலி. நெவேனா ஏழு தடவை போன் அடித்துவிட்டாள். போன் அடிக்கிறது, எடுக்கிற ஆள் இல்லை.

நாலே முக்காலுக்குக் கூர்த்தேவ் பேனாவை மூடினார். "இவன் வேண்டாம்னு விட்டுட்டான் போல. அந்த இடத்துக்கு அடுத்தது யாரு?" என்று பட்டியலைப் பார்த்தவர், அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "போயான். உன் பையன்தானேம்மா? விடு. ஏழு தடவை கூப்பிட்டாச்சு. நாம யாரையும் ஏமாத்தலை."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கீழே இறங்கினாள். லேப்டாப்பைத் திறக்கும்போதே கண்டபடி வேண்டிக்கொண்டாள்: அந்த எண் இருக்கக்கூடாது, அந்த ஆள் அழுத்தியிருக்கவே கூடாது. அப்படியானால் நான் தேடவும் தேடினேன், பையனுக்கு இடமும் கிடைத்தது என்று இருக்கலாம்.

இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஐந்து ஐம்பத்திரண்டு. ஒரு நிமிட இடைவெளியில் நான்கு தடவை, அதே எண். நாலு தடவையும் ரோஜாப் பூக்களைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பியிருப்பார்.

மணி நாலு ஐம்பத்திரண்டு. அறையில் சர்வர்களின் விசிறிச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. இந்தக் கோப்பு இருப்பது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. எட்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், எதையும் செய்யவே வேண்டாம். மாமியாரின் டிக்கெட், காலியாகப் போகிற இந்த நாற்காலி, காலிங்காவின் வேலியைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சலையே பார்க்கும் போயான், எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தன. அவள் அழுதாள். அழுதுகொண்டே அந்த நான்கு வரியையும் பிரின்டருக்கு அனுப்பினாள். எப்போது பார்த்தாலும் காகிதம் சிக்கும் பிரின்டர் அன்றைக்குப் பார்த்துச் சிக்கவில்லை.

தாளைக் கூர்த்தேவின் மேஜைமேல் வைத்தபோது மணி நாலு ஐம்பத்தாறு. அவர் படித்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மறுபடி படித்தார்.

"இது எங்கேயிருந்து வந்துது?"

"மூணு மணியிலேருந்து என்கிட்டதான் இருந்துது சார். சொல்லாம இருந்தேன். கையெழுத்துப் போடுங்க."

அவர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். கையெழுத்துப் போட்டார். நெவேனா எண்ணைத் தட்டி உறுதி செய்தாள், பழக்கதோஷத்தில் தாளில் சீலையும் குத்தினாள். மூன்று நிமிடம் கழித்து மென்பொருள் தன் வேலையைச் செய்தது. பிஸ்த்ராவின் போன் துடித்தது. 'போயான்: இந்தச் சுற்றில் இடம் ஒதுக்கப்படவில்லை.' போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

வரிப் பிரிவுப் பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். நெவேனா சிகரெட் பிடிக்க வாசலுக்குப் போனாள். ஐந்து இருபதுக்குக் கவுன்டர் போன் அடித்தது. பக்கத்தில் வேறு யாரும் இல்லாததால் பிஸ்த்ராவே எடுத்தாள். கரகரத்த குரல். தாமிர உலையில் வேலை, போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள், வெளியே வந்து பார்த்தால் இந்த எண்ணிலிருந்து ஏழு அழைப்பு, பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று உயிரே போய்விட்டது என்று அந்த ஆள் மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளினார். நகராட்சியிலிருந்து பேசுவதாகவும், காலிங்காவில் உங்கள் மகளின் இடத்தைப் பற்றித்தான் கூப்பிட்டோம் என்றும் அவள் சொன்னாள்.

"அதைத்தான் செவ்வாய்க்கிழமையே அழுத்திட்டேனே. ஒண்ணுக்கு நாலு தடவை."

"ஆமாங்க, அழுத்தினீங்க. வந்து சேர்ந்துடுச்சு."

"இதைச் சொல்லவா ஏழு தடவை கூப்பிட்டீங்க?"

"இதைச் சொல்லத்தான்" என்றாள் பிஸ்த்ரா.